தகவல் எழுதும் தாளில் நேரம் எழுதாத பையன்

ஓய்வுபெற்ற ஹவில்தார், வேலூர்
மூன்று வருடம் ரங்ரூட்களுக்கு, அதாவது புதிதாகச் சேர்ந்த சிப்பாய்களுக்கு, பயிற்சி கொடுக்கும் உஸ்தாதாக இருந்தேன். ஒரு ராத்திரிப் பயிற்சி மட்டும் மனதை விட்டுப் போகவில்லை. நல்ல மழை. டெலிபோன் லைனை நாங்களே அறுத்துவிட்டோம், வயர்லெஸ் செட்டும் கிடையாது, தாளைக் கையில் கொண்டு ஓடும் ரன்னர்தான். பையன் பென்சிலால் எழுதி அனுப்பியிருந்தான்: "எதிரி 20 பேர், மரப்பாலத்துக்குக் கிழக்கே, ஆற்றைக் கடக்கிறார்கள்." எத்தனை பேர், எங்கே, என்ன செய்கிறார்கள், எல்லாம் இருந்தது. நேரம் மட்டும் இல்லை. ரன்னர் வழி தவறி வந்து சேர 40 நிமிடம் ஆகிவிட்டது. இன்னும் கடக்கிறார்களா, கடந்து முடித்துவிட்டார்களா? விடிந்ததும் கூப்பிட்டு "எப்போ பார்த்தே?" என்று கத்தினேன். பதில் சொல்லாமல் கையைத் திருப்பி வாட்சைப் பார்த்தான். ரைஃபிளைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு மைதானத்தைப் பத்து சுற்று ஓடச் சொன்னேன்.

சிக்னல் பிரிவு, 17 வருடம்
எனக்கு மறக்காதது கிரிட், மேப்பில் இடத்தைக் காட்டும் எண். முதல் மூன்று இலக்கம் கிழக்கு, அடுத்த மூன்று வடக்கு. 482615 என்று அனுப்ப வேண்டியதை, கிழக்கையும் வடக்கையும் மாற்றி 615482 என்று அனுப்பினான் ஒரு பையன். மேப்பில் அளந்தால் சுமார் 19 கிலோமீட்டர் தள்ளி. பீரங்கிக்குக் கொடுத்த இடம் அது. பயிற்சிதான், குண்டு எதுவும் போகவில்லை. ஆனால் எதிர்முனையில் இருந்தவர் அதைத் திருப்பிப் படித்துக் காட்டினார். தன் தப்பைத் தன் காதாலேயே கேட்டுவிட்டு, தெளிவாக "சரி" என்றான். அந்தக் குரல் இப்போதும் கேட்கிறது.

முன்னாள் சுபேதார், மதுரை
முதலில் எழுதியவருக்கு: பையனைத் தண்டித்தது தப்பு. தாளிலேயே நேரத்துக்குக் கட்டம் இருக்கிறது. அது காலியாக இருந்தால் ரன்னர் தாளை வாங்கவே கூடாது. அதை ரன்னருக்குச் சொல்லித் தந்தீர்களா?

என் கதை சின்னது. ரங்ரூட்டாக இருந்தபோது செட்டில் "உன்சட்" என்றார்கள், நான் 69 என்று எழுதிவிட்டேன். 59 உன்சட், 69 உனத்தர், 79 உனாசி. இந்தியே கேட்டிராத காதுக்கு மூன்றும் ஒன்றுதான்.

அதனால் இப்போது கற்றுக்கொடுப்பவர்களுக்குச் சொல்கிறேன். எண்களை ஐந்து, ஒன்பது என்று தனித்தனியாகச் சொல்லப் பழக்குங்கள். எழுதி முடிக்காமல் செட்டில் பேசும் பட்டனைத் தொடவிடாதீர்கள். அழுத்தியதும் ஒரு நொடி விட்டுப் பேசட்டும், இல்லாவிட்டால் முதல் வார்த்தையை செட் விழுங்கிவிடும். காதில் விழாவிட்டால் "சே அகெய்ன்" என்றுதான் கேட்க வேண்டும். "ரிப்பீட்" என்றால் பீரங்கிக்காரர்களுக்கு அதே இடத்தில் மறுபடி சுடு என்று அர்த்தம். அப்புறம், வகுப்பில் உட்காரவைத்து எழுதச் சொன்னால் எல்லோரும் அழகாக எழுதுவார்கள். இரண்டு கிலோமீட்டர் ஓடவைத்து, மூச்சு வாங்கும்போது எழுதச் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற ஹவில்தார், வேலூர்
கட்டம் இருந்தது, சாப். டார்ச் அடிக்கக் கூடாது என்று உத்தரவு போட்டதும் நான்தான். காலையில் அவன் கையைத் திருப்பியபோதே பார்த்தேன், அந்த வாட்சில் ரேடியம் முள் கிடையாது. பார்த்த பிறகும் ஓடவிட்டேன்.