ரோட்டரி எஞ்சின் விமானத்துக்கு டர்போவா, சூப்பர்சார்ஜரா?

மாரிட்ஸ்பர்க் மெக்கானிக்:
சென்ற வாரம் இங்கே ஒருவர் எழுதியதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. "வீட்டில் கட்டும் ரோட்டரி விமானத்துக்கு டர்போ மட்டுமே சரி, சூப்பர்சார்ஜர் தெருப்பந்தயக்காரர்களின் சாமான்" என்று தீர்ப்பே வழங்கிவிட்டார். இரண்டும் எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுபவைதான்; டர்போவை வெளியேறும் வாயு டர்பைன் சக்கரத்தில் பாய்ந்து சுழற்றுகிறது, சூப்பர்சார்ஜரை எஞ்சினே பெல்ட்டாலோ கியராலோ சுழற்றுகிறது. பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டார் சுழலும் மஸ்டா 13பி ரோட்டரி எஞ்சினைப் பிரித்துப் பூட்டியே கை காய்த்தவன் நான். அதில் வால்வு கிடையாது. துளை திறந்த கணமே கொதிக்கும் வாயு வெளியே பாய்கிறது. 900 டிகிரி செல்சியஸ் அதற்குச் சாதாரணம். காரில் அந்தச் சூடு சில விநாடிகள்தான், விமானத்தில் மணிக்கணக்கு. டர்பைன் சக்கரம் தாங்குமா? இதற்குப் பதில் வேண்டும்.

உயர்வெளிக்காரன்:
எழுதியவன் நான்தான், ஐயா. ஓர் எழுத்தையும் மாற்றப் போவதில்லை. நான் தென்னாப்பிரிக்காவில் ஜோகானஸ்பர்க்கின் ராண்ட் விமான நிலையத்திலிருந்து பறப்பவன். ஓடுதளமே 5,483 அடி உயரத்தில் இருக்கிறது. கடல்மட்டத்தில் 30 அங்குலம் பாதரசம் இருக்கும் காற்றழுத்தம் இங்கே சுமார் 24.5 தான். ஜனவரி மதியம் 30 டிகிரி வெயிலில் எஞ்சினுக்கும் இறக்கைக்கும் அது 8,500 அடிக்குச் சமம். இழந்த அழுத்தத்தை டர்போ திருப்பித் தருகிறது. ஏற ஏற, வாயுவை டர்பைனைத் தொடாமல் வெளியே விடும் வேஸ்ட்கேட் கதவு மூடிக்கொண்டே போய் அந்த 30 அங்குலத்தைப் பிடித்து வைக்கிறது. சூப்பர்சார்ஜரோ பெல்ட் வழியாக எஞ்சினிடமே பிடுங்கித் தின்கிறது. சக்கரம் தாங்கும். இன்கோனல் என்ற நிக்கல் கலப்பு உலோகத்தில் அதைச் செய்வதே அந்தச் சூட்டுக்காகத்தான்.

கடலோரப் பறவை:
பிடுங்கித் தின்கிறதென்றால் எவ்வளவு என்று கணக்குப் போட்டீர்களா, அண்ணா? 5,500 அடியில் கடல்மட்ட அழுத்தத்தை மீட்க, நிமிடத்துக்கு 6,000 சுற்றில் 13பி இழுக்கும் காற்றை அழுத்துவதற்கு ஈட்டன் வகை சூப்பர்சார்ஜருக்கு ஏழெட்டுக் குதிரைத்திறன் போதும். பெல்ட் அறுந்தால் பைபாஸ் குழாய் வழியாக எஞ்சின் இயல்பாக மூச்சுவிடும். டர்போவின் பேரிங் போனால் ஆயில் எக்ஸாஸ்டுக்குள் இறங்கும். செக்கச்சிவந்த குழாயில் ஆயில் பட்டால் என்ன ஆகும் என்று டர்பனில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

உயர்வெளிக்காரன்:
டர்பனில் கடற்கரைக் காற்றை வாங்கிக்கொண்டு எங்களுக்கு உயரத்தைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டாம். உங்கள் பெல்ட்டுக்கு ஒரே விகிதம்தான். 5,500 அடியில் 30 அங்குலம் கிடைக்குமாறு புல்லி (பெல்ட் சக்கரம்) போட்டால், உங்கள் டர்பனின் வர்ஜீனியா விமான நிலையத்தில் கடல்மட்டத்தில் த்ராட்டிலை முழுதும் திறந்ததும் 36 அங்குலத்தைத் தாண்டும். கலவை நேரம் தவறி வெடித்து எஞ்சின் தட்டினால் முதலில் உடைவது ரோட்டாரின் முனையிலுள்ள அபெக்ஸ் சீல். பிறகு டிராக்கன்ஸ்பர்க் மலைத்தொடரைக் கடக்க ஏறுங்கள்; 10,000 அடியில் 25 அங்குலமாகச் சுருங்கிவிடும். கீழே கூடுதல், மேலே குறைவு. இதற்குத்தானா இத்தனை எடை?

மாரிட்ஸ்பர்க் மெக்கானிக்:
சக்கரம் தாங்குமா என்று கேட்டேன், நீங்கள் டிராக்கன்ஸ்பர்க்கில் நிற்கிறீர்கள். என் மேசையில் ரோட்டரியிலிருந்து கழற்றிய டர்பைன் சக்கரம் ஒன்று கிடக்கிறது. இதழ்களின் ஓரம் எலி கொறித்தது போல இருக்கிறது. அச்சைப் பிடித்து அசைத்தால் கடகடவென்று ஆடுகிறது. 1991-இல் லெ மான் கார்ப் பந்தயத்தை வென்ற மஸ்டா 787பி ரோட்டரி காரில் டர்போவே கிடையாது. 24 மணி நேரம் ஓட வேண்டிய எஞ்சினில் மஸ்டாவே அதை வைக்கவில்லை.

உயர்வெளிக்காரன்:
அது நான்கு ரோட்டார், 2.6 லிட்டர். ஏறக்குறைய கடல்மட்டத்தில், எரிபொருள் வரம்போடு ஓடிய பந்தயம். ராண்ட் ஓடுதளத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? அமெரிக்கப் பொறியாளர் சான்ஃபர்ட் மாஸ் 1918-இலேயே அங்குள்ள பைக்ஸ் பீக் மலையுச்சிக்கு, 14,000 அடிக்கு மேல், எஞ்சினைக் கொண்டுபோய் டர்போவின் பலனைக் காட்டிவிட்டார். உங்கள் மேசைச் சக்கரத்தைச் சூடு கெடுக்கவில்லை. உடைந்த அபெக்ஸ் சீல் துண்டு பாய்ந்து கடித்திருக்கிறது. இதழோரம் சிதறியிருந்தால் அதுதான் காரணம்.

கடலோரப் பறவை:
மாஸ் ஏற்றியது பிஸ்டன் எஞ்சின். ஸ்பிட்ஃபயர் போர்விமானத்தின் மெர்லின் எஞ்சினில் இருந்ததும் கியரில் சுழலும் சூப்பர்சார்ஜர்தான், அண்ணா.

உயர்வெளிக்காரன்:
பிந்திய மெர்லின்களில் அது இரண்டு வேகம், இரண்டு கட்டம். உங்களிடம் இருப்பது ஒரு பெல்ட், ஒரு புல்லி.

லெனேசியா தம்பி:
அண்ணன்மார்களே, குறுக்கிடுவதற்கு மன்னியுங்கள். ஆர்வி-7 விமானம் கட்டிக்கொண்டிருக்கிறேன். கையில் மஸ்டா ஆர்எக்ஸ்-8 காரின் ரெனசிஸ் ரோட்டரி எஞ்சின் இருக்கிறது, அழுத்த விகிதம் 10:1. இழந்த அழுத்தத்தை மீட்டால் போதும், அதற்குமேல் ஏற்ற எண்ணமில்லை. எதைப் போடலாம்?

உயர்வெளிக்காரன்:
டர்போ. காரிலிருந்து கழற்றிய சிறிய டர்போவைத் தொடாதே. அது குறைந்த சுற்றிலேயே வேகம் பிடிக்கச் செய்தது, உயரத்தில் கட்டுமீறிச் சுழலும். பெரிய டர்பைன் உறை போடு. சக்கரத்துக்கு முன்னால் வெப்பமானி பொருத்து. முழுச் சக்தியில் கலவையில் பெட்ரோல் தாராளமாக இருக்கட்டும். ரோட்டரியின் காதைக் கிழிக்கும் இரைச்சலையும் டர்போ பாதி விழுங்கிவிடும்.

மாரிட்ஸ்பர்க் மெக்கானிக்:
பெரிய உறை, வெப்பமானி, பெட்ரோல் தாராளம். தாங்கும் சக்கரத்துக்கு இத்தனை காவல் எதற்கு? தம்பி, இவர் பேச்சைக் கேட்டு எதையும் வாங்காதே. இவர் என்னிடம் இரவல் வாங்கிப்போன, எஞ்சின் சுற்றைக் குறைத்து ப்ரொபெல்லருக்குக் கொடுக்கும் ரிடக்‌ஷன் கியர்பெட்டி பல் உடைந்து திரும்பி வந்தது.

உயர்வெளிக்காரன்:
அதை இங்கே இழுக்கிறீர்களா? நீங்கள் கொடுத்தபோதே பல்லில் விரிசல் இருந்தது. காவடித் திருவிழாவில் எல்லோர் முன்னாலும் இதையே சொன்னீர்கள். பெரியவர் என்பதால் பொறுத்துக்கொண்டேன்.

கடலோரப் பறவை:
விரிசல் இருந்ததென்றால் வாங்கும்போது ஏன் சொல்லவில்லை, அண்ணா?

உயர்வெளிக்காரன்:
சொன்னேன். உங்கள் ஐயாவுக்குக் காது கேட்கவில்லை. அன்று எடுத்த படம் இருக்கிறது, இன்றிரவே போடுகிறேன். தம்பி, உறையின் அளவைத் தனியாக எழுதுகிறேன், பெல்ட் வாங்கிவிடாதே.

மாரிட்ஸ்பர்க் மெக்கானிக்:
போடுங்கள். பல்லின் படத்தோடு உங்கள் டர்பைன் சக்கரத்தின் படத்தையும் போடுங்கள்.