வேலூர் பக்கம் என்டிஎஸ்சி (அமெரிக்க டிவி சிக்னல் முறை) எடுக்கிற டியூப் டிவி வேண்டும்

1985இல் வந்த சூப்பர் மேரியோ பிரதர்ஸ் வீடியோ கேமில் ஸ்பீட்ரன் செய்கிறேன், அதாவது கேமை முடிந்தவரை வேகமாக முடிக்கப் பார்க்கிறேன். ஊர் காட்பாடி. பொங்கலுக்கு முன்னால் வீட்டு டியூப் டிவி புகைந்துபோனது. அப்புறம் எல்இடி டிவிதான். பட்டனை அழுத்தினால் மேரியோ ஒரு கணம் பிந்தித்தான் குதிக்கிறார்.

குறுக்குவழி எடுக்காமல் 32 கட்டங்களையும் ஓடும் வார்ப்லெஸ்ஸில் சமாளித்துவிடலாம். குறுக்குவழியும் எடுத்து சீக்கிரம் முடிக்கிற எனி பர்சென்ட்டில்தான் திண்டாட்டம். கொடிக்கம்பத்தின் அடிக்கல்லில் சரியாக மோதினால் கொடி இறங்காமலே கட்டம் முடியும். அந்த கிளிட்ச் (கேமில் உள்ள பிழையை வைத்துச் செய்யும் தந்திரம்) இப்போது வரவே மாட்டேன் என்கிறது. 21 ஃப்ரேமுக்கு (ஃப்ரேம் என்றால் திரையில் மாறும் ஒவ்வொரு படம்) ஒருமுறைதான் இந்த விளையாட்டு அடுத்த கட்டத்துக்கு விடும். நூலிழையில் தவறினாலும் அடுத்த முறைக்குக் காத்திருக்க வேண்டும், 0.35 விநாடி போச்சு.

கேம் மோட், புது ஏவி ஒயர், ஹெச்டிஎம்ஐ கன்வெர்ட்டர் எல்லாம் பார்த்தாச்சு. கன்சோல் அமெரிக்க நின்டெண்டோ, என்டிஎஸ்சி. சத்துவாச்சாரி நண்பர் வீட்டு டியூப் டிவியில் தாமதமே இல்லை, ஆனால் அது பால் (PAL, இந்திய டிவி சிக்னல் முறை) மட்டும் எடுக்கும் டிவி, படம் கறுப்பு வெள்ளையில் வருகிறது.

வேலூர், ராணிப்பேட்டை, குடியாத்தம் பக்கம் என்டிஎஸ்சி எடுக்கிற, ஓடுகிற டியூப் டிவி யாரிடம் கிடைக்கும்?