புதுப்பிப்பு: நின்றுபோன குடும்ப ஜெபம்

வெளிநாட்டுக்கு வந்த புதிதில் குடும்ப ஜெபம் நின்றுபோனதாகப் புலம்பியிருந்தேன் இல்லையா, அதன் தொடர்ச்சி இது.

வேதாகமம் கப்பலில் வரும் பெட்டிக்குள் மாட்டிக்கொண்டது, இன்னும் வந்தபாடில்லை. சரி, மனப்பாடமாகத் தெரிந்ததைச் சொல்வோம் என்று 121-ஆம் சங்கீதத்தை எடுத்தோம். 8 வசனம்தான். எருசலேமுக்கு ஏறிப்போன யாத்திரிகர்கள் பாடியது என்பார்கள். எங்களுக்கும் பொருத்தம்தான்.

கடைசி வசனத்தில், கர்த்தர் ‘உன் போக்கையும் உன் வரத்தையும்’ காப்பார் என்று வந்ததும் சின்னவள், “அப்போ திரும்பிப் போகும்போதும் காப்பாரா?” என்றாள். அவள் அப்பா பதில் சொல்லாமல் ஷூ லேஸையே கட்டிக்கொண்டிருந்தார்.

சபை இன்னும் அமையவில்லை; இரண்டு இடம் போய்ப் பார்த்தோம். இப்போதைக்கு, தினமும் கதவைப் பூட்டும் முன் சாவியும் கையுமாக நின்றபடியே ஒரு வசனம். நேற்று அவசரத்தில் நான் மறந்துவிட்டேன். சின்னவள்தான் படியில் நின்று கூப்பிட்டாள்.