14 மாத பி.எப். பாக்கியைக் கட்ட வைத்த அனுபவம்

கருங்கலுக்கு அருகில் ஒரு முந்திரி ஆலையில், எங்கள் ஊர் வழக்கில் சொன்னால் அண்டி ஆபீசில், ஆறு ஆண்டுகளாகக் கணக்கு எழுதி வருகிறேன். அங்கே கொட்டை உடைக்கும் பிரிவில் இருந்த ஓர் அக்கா, 58 வயது நிறையச் சில மாதங்களே இருந்த நிலையில், பேரன் எடுத்துக் கொடுத்த பி.எப். (வருங்கால வைப்பு நிதி) பாஸ்புக் நகலை என் மேசைமேல் வைத்தார். எண்ணெய் பட்டுக் கறுத்த விரலால் கடைசி வரியைத் தொட்டுக் காட்டி, "மக்களே, சம்பளத்துல பிடிச்ச பைசா இதுல ஏறலியே" என்றார்.

12,000 ரூபாய்ச் சம்பளத்தில் மாதம் 1,440 ரூபாய் பிடித்ததாகப் பதிவேட்டில் எழுதியவள் நான்தான். சலான் கட்டப்படவில்லை என்பது தெரிந்தும் வாய் திறக்காமல் இருந்துவிட்டேன்; அந்த வருத்தம் இன்றும் இருக்கிறது. பாக்கி 14 மாதம். அதைக் கட்டினால் அவருடைய சேவைக்காலம் பத்து ஆண்டாகி ஓய்வூதியம் கிடைக்கும். கட்டாவிட்டால் எட்டு ஆண்டு பத்து மாதத்தோடு நின்று, மாத ஓய்வூதியத்துக்குத் தகுதி இல்லாமல் போகும்.

முதலாளியிடம் தனியாகப் பேசினேன். கச்சாக் கொட்டைக்கு முன்பணம் கட்டியதில் கை இறுகிவிட்டது, பிறகு சேர்த்துக் கட்டிவிடலாம் என்பதே அவருடைய எண்ணம். நான் சட்டத்தை முதலில் எடுக்கவில்லை. அவர் தன் பங்காகச் செலுத்த வேண்டிய 12 சதவீதத்தில், சம்பளத்தின் 8.33 சதவீதம், அதாவது ஏறக்குறைய 1,000 ரூபாய், அந்த அக்காவின் ஓய்வூதியக் கணக்குக்குப் போக வேண்டிய பணம் என்பதைப் பாஸ்புக்கை வைத்தே காட்டினேன். அதன் பிறகுதான், ஒவ்வொரு மாதமும் 15ஆம் தேதி தாண்டினால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டியும் அதற்கு மேல் இழப்பீடும் ஏறிக்கொண்டே போகும் என்பதையும், தொழிலாளியிடம் பிடித்த பங்கைக் கட்டாதிருப்பது நம்பிக்கை மோசடிக் குற்றமாகும் என்பதையும் சொன்னேன். அவர் நெடுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு மாதத்துக்குள் முழுப் பாக்கியையும் வட்டியோடு கட்டினார்.

என் அனுபவத்தில், பல முதலாளிகளுக்கு பாக்கி என்பது மொத்தத் தொகையாகத்தான் தெரிகிறது. ஒருவருடைய பெயரோடு, அவருடைய வயதோடு சேர்த்துக் காட்டும்போதுதான் அது மனதில் தைக்கிறது.

பி.எப்.பில் சேர்க்கப்படாமலே விடப்பட்டவர்களும் எங்கள் ஆலையில் இருந்தார்கள். 2025 நவம்பரில் தொடங்கிய மத்திய அரசின் பி.எப். சேர்க்கை இயக்கத்தில், 2017 ஜூலை முதல் வேலைக்கு வந்து விடுபட்டவர்களை முதலாளியே முன்வந்து சேர்க்கலாம் என்றும், பிடிக்கப்படாத தொழிலாளர் பங்கைக் கட்ட வேண்டியதில்லை என்றும், இழப்பீடு 100 ரூபாய்தான் என்றும் அறிந்ததும், அவர்களுடைய பட்டியலைக் கேட்டு வாங்கியவர் அதே முதலாளிதான்.