ட்விஸ்ட் ரேட்: விகிதமா, வீதமா, நீளமா?

மடல் 1

அன்பர்களுக்கு வணக்கம்.

ஏ.ஆர்-15 வகைத் துப்பாக்கிக்கு மாற்றுக்குழல் தேர்ந்தெடுப்பதை விளக்கும் கட்டுரைக்குச் சொற்கள் திரட்டுகிறேன். குழல், தோட்டா அறை, வாயுக்குழாய் ஆகியவற்றில் சிக்கல் இல்லை. குழலின் உட்சுவரில் சுருண்டோடி, குண்டைச் சுழலவைக்கும் பள்ளங்களுக்குப் 'புரி' என்று வைத்திருக்கிறேன். 'மரை' நல்ல சொல்தான். ஆனால் குழலின் முனையில் 1/2-28 அளவில் நிஜமான மரையே இருக்கிறது. உள்ளே ஓடுவதும் மரை, வெளியே வெட்டியதும் மரை என்றால் வாங்குபவருக்கு மரை கழன்றுவிடும்.

இடறுவது ட்விஸ்ட் ரேட். குழலின் மேல் 1:7, 1:8, 1:9 என்று பொறித்திருப்பார்களே, அது. இப்போதைக்கு 'முறுக்கு விகிதம்' என்று எழுதியிருக்கிறேன். பொருந்துமா?

மடல் 2

விகிதம் வேண்டாம் ஐயா. நடுவில் இருக்கும் இரண்டு புள்ளிகளைப் பார்த்து ஏமாறக்கூடாது. சிமென்டும் மணலும் 1:4 என்றால் இரண்டையும் ஒரே சட்டியால் அளக்கிறோம். இங்கே இடப்பக்கம் இருப்பது சுற்று, வலப்பக்கம் இருப்பது அங்குலம். 7 அங்குலம் முன்னேறுவதற்குள் குண்டு ஒரு முழுச் சுற்று சுற்றிவிடும் என்பதே பொருள். மெட்ரிக் அளவில் எழுதும்போது பெரும்பாலும் இந்தப் புள்ளிகள் இருக்காது. ரஷ்ய ஏ.கே.எம். துப்பாக்கியின் குழலுக்கு 240 மி.மீ. என்று ஒற்றை எண்தான்.

'வீதம்' இன்னும் மோசம். வீதம் என்றால் எண் ஏற ஏற வேகமும் ஏற வேண்டும், இங்கே தலைகீழ். நொடிக்கு 3,000 அடி வேகத்தில் புறப்படும் குண்டு, 1:12 குழலில் நிமிடத்துக்கு 1,80,000 சுற்று சுற்றும். 1:7 குழலில் அதுவே 3,08,000-ஐத் தாண்டும். "கனமான குண்டுக்கு அதிக வீதம் தேவை" என்று படித்தவர் பெரிய எண்தானே என்று 12-ஐ வாங்கிவிடுவார். 77 கிரெயின் (குண்டின் எடையைச் சொல்லும் அலகு) குண்டு அதில் நிலைகொள்ளாமல் புரண்டு, இலக்குத் தாளில் வட்டத் துளைக்குப் பதில் நீளக் கிழிசலாக விழும்.

பள்ளிப் பாடநூலில் திருகு அளவிக்குப் 'புரியிடைத் தூரம்' என்று படித்தோமே. அதையே எடுத்துக்கொள்ளலாம்.

மடல் 3

புரியிடைத் தூரத்தில் ஒரு பொறி இருக்கிறது. திருகு அளவியில் ஒற்றைப் புரி ஓடுகிறது. அதனால் அடுத்தடுத்த இரு புரிகளின் இடைவெளியும் ஒரு சுற்றில் நகரும் தூரமும் ஒன்றே. இந்தக் குழல்களில் வழக்கமாக 6 பள்ளங்கள் இணையாக ஓடும். 1:7 குழலில் குழலின் நீளவாக்கில் பக்கத்துப் பள்ளம் 7/6 அங்குலத்தில், அதாவது ஏறத்தாழ 30 மி.மீ.யில் வந்துவிடும். நமக்கு வேண்டியதோ 178 மி.மீ. பல புரித் திருகுகளோடு பழகிய கடைசல்காரர் யாரும் இந்த இரண்டையும் ஒன்றாகக் கொள்ளமாட்டார்.

அது நீளம்தான் என்பதற்கு இரண்டு சான்றுகள். ஒன்று, பிரிட்டிஷ் கணிதவியலாளர் கிரீன்ஹில் 1879-இல் தந்த வாய்பாடு: குண்டின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து வர்க்கமாக்கி, 150-ஆல் பெருக்கி, குண்டின் நீளத்தால் வகுக்க வேண்டும். வேகம் 2,800 அடிக்கு மேல் என்றால் 150-க்குப் பதில் 180. விடை அங்குலத்திலேயே வருகிறது. 0.224 அங்குல விட்டமும் சுமார் 0.75 அங்குல நீளமும் உள்ள 55 கிரெயின் குண்டுக்கு, 180-ஐ வைத்தால், 12 கிடைக்கும். தொடக்கக் கால எம்16 (அமெரிக்க ராணுவத் துப்பாக்கி) சில மாற்றங்களுக்குப் பின் நிலைபெற்ற எண் அதுதான். 1 அங்குல நீளக் குண்டுக்கு 9 வரும். குளிர்ந்த, அடர்ந்த காற்றையும் எண்ணி ஒரு படி இறங்கி 8 வாங்குவது நல்லது. கணக்கில் வருவது எடை இல்லை, நீளம் என்பதைக் கட்டுரையில் தடித்த எழுத்தில் போடுங்கள். ஈயமில்லாத செப்புக் குண்டு அதே எடையில் கூடுதல் நீளமாக இருக்கும். எடையை மட்டும் பார்த்து வாங்கியவர்கள் மாட்டிக்கொள்வது அங்கேதான்.

அதன் பின்வந்த வடிவமான எம்16ஏ2-வுக்கு 7 வந்த காரணம் 62 கிரெயின் குண்டு அன்று. அதற்கு 9 போதும். அதனுடன் சுடவேண்டிய நீளமான டிரேசர் குண்டுதான் (போகும் பாதை தெரிய ஒளிவிடுவது) 7-ஐக் கேட்டது. தாளில் சுடுபவருக்கு அந்தத் தேவை இல்லை. 55 முதல் 77 கிரெயின் வரை ஒரே குழலில் சுட விரும்பினால் 8 என்பேன். மெல்லிய உறை போட்ட 40 கிரெயின் குண்டை 7-இல் விரட்டினால் சுழற்சி தாங்காமல் காற்றிலேயே சிதறலாம்.

இரண்டாவது சான்று, அதை அளக்கும் முறை. முதலில் தோட்டா இல்லை என்று உறுதிசெய்து, தோட்டா அறையை மூடும் போல்ட்டைக் கழற்றிவிட வேண்டும். கைப்பிடி தானாகச் சுழலும் துடைகோலில் துணியை இறுக்கமாகச் சுற்றிக் குழலுக்குள் நுழைத்து, கோலின் மேற்புறம் ஒரு கோடு போட்டு, குழலின் வாயருகே கோலில் ஓர் அடையாளமும் இட வேண்டும். மெல்லத் தள்ளினால் கோல் புரியோடு சுழலும். கோடு மறுபடி மேலே வரும்போது அதே இடத்தில் கோலில் இன்னோர் அடையாளம். இரண்டுக்கும் இடைப்பட்ட தூரமே விடை. துணி தளர்ந்தால் வழுக்கி, எண் பெரிதாகக் காட்டும். மூன்று முறையாவது அளந்து பாருங்கள்.

மடல் 4

அப்படியானால் 'புரிநீளம்' எப்படி? புரி வெட்டிய பகுதியின் மொத்த நீளம் என்று படிக்க இடமுண்டு. 'சுற்றுநீளம்' சுற்றளவோடு மோதும். 'திரிப்பு' என்றால் கயிறு திரிக்கிறோம் என்பார்கள். 'புரியெட்டு' என்றும் யோசித்தேன். 1:8 குழலுக்குப் 'புரியெட்டு எட்டு' என்று எழுத வேண்டிவரும், விட்டுவிட்டேன்.

'புரிநடை' என்கிறேன். ஒரு சுற்றுக்குள் குண்டு நடக்கும் தூரம். ஆங்கிலத்தில் இதை வேகமானது, மெதுவானது என்று சொல்லும் குழப்பமும் தீரும்: எண் சிறியது குறுநடை, பெரியது நெடுநடை. "நீளக் குண்டுக்குக் குறுநடைக் குழல்" என்றால் யாரும் 12-ஐ வாங்கமாட்டார்கள்.

மடல் 1-இன் அன்பர்

புரிநடையை ஏற்கிறேன். பட்டியலில் '1:7' பொறிப்பை அப்படியே விட்டு, பக்கத்தில் 'புரிநடை 7 அங்குலம் (178 மி.மீ.)' என்று போடுகிறேன். சுழலும் திசைக்கு வலம்புரி, இடம்புரி என்று வைக்கலாமா? ஏ.ஆர். குழல்கள் பெரும்பாலும் வலப்பக்கம் சுழல்பவை.

மடல் 3-இன் அன்பர்

கவனம். நாம் வலம்புரி என்று போற்றும் சங்கு, உயிரியல் கணக்கில் இடப்பக்கச் சுருள். கூர்முனை மேலிருக்கப் பிடித்தால் வாய் இடப்பக்கம் திறக்கும். நாம் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பெயர் வைத்திருக்கிறோம். சுருளின் திசையோ தலைகீழாகப் பிடித்தாலும் மாறாது. வலப்பக்கம் சுழலும் குழலுக்கு வலம்புரி என்று பெயரிட்டால், சங்கையும் குழலையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர் இரண்டும் எதிரெதிராகச் சுருள்வதைக் கண்டு நம்மைத்தான் கேட்பார். 'வலச்சுழி', 'இடச்சுழி' போதும்.