"அவருக்கு நீங்க சொந்தமா?" – ஒரே குடும்பப் பெயர், வேறு வேறு பிரபலங்கள்: மலையகத்து அனுபவங்கள்

நுவரெலியா வாத்தியார்

நான் மோட்டார் சைக்கிள் திருத்தக் கொடுக்கும் கராஜ்காரர் ஒரு திசாநாயக்க. நுவரெலியா மாவட்டத்தில் அந்தப் பெயரை வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தொழில் செய்ய முடியாது என்பதை அவரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

கொத்மலைக்காரரான காமினி திசாநாயக்க 1970 நாடாளுமன்றத் தேர்தலில் இங்கே வென்றார். 1977இல் நுவரெலியா – மஸ்கெலியா மூன்று உறுப்பினர் தொகுதி. முதலாவதாகக் காமினி, இரண்டாவதாக அநுர பண்டாரநாயக்க, மூன்றாவதாகத் தோட்டத் தொழிலாளர் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான். ஒரு தொகுதி, மூன்று கட்சி, மூன்று பெரிய குடும்பப் பெயர்! அந்தத் தேர்தல் முடிவைப் பற்றி எங்கள் அப்பா கதை போலச் சொல்வார். பிறகு ஹங்குரன்கெத்தைப் பக்கத்து எஸ்.பி. திசாநாயக்க வந்தார். அதற்கப்புறம் காமினியின் மகன் நவீன் திசாநாயக்க, பெருந்தோட்ட அமைச்சராக. இப்போது ஜனாதிபதியே திசாநாயக்க. இந்த வரிசையில் அப்பாவும் மகனும் காமினியும் நவீனும்தான். ஜனாதிபதி அநுர குமார வளர்ந்தது தம்புத்தேகமவில், இங்கிருந்து பார்த்தால் வேறு உலகம்.

நம் கராஜ்காரருக்கு இந்த நான்கு பேரில் ஒருவரும் சொந்தமில்லை. ஆனால் ஒவ்வொருவர் காலத்திலும் அவரைச் சொந்தக்காரராக ஆக்கிவிட்டார்கள். காமினி மகாவலி அபிவிருத்தி அமைச்சராக இருந்தபோது இவர் சின்னப் பையன், கராஜ் அவருடைய அப்பாவுடையது. மகாவலியில் டிரைவர் வேலை கேட்டுக் கடிதத்தோடு ஆட்கள் வந்து நிற்பார்களாம். நவீன் காலத்தில் தோட்டத்து ஆட்கள் லயம் என்கிற வரிசை வீடுகளுக்குக் கூரைத் தகரம் கேட்டு வந்தார்கள். அதில் இரண்டு பேரை எனக்கே தெரியும்.

2024 செப்டம்பர் 23, ஜனாதிபதி சத்தியப்பிரமாணம் செய்த அன்று, பக்கத்துக் கடைக்காரர் பெரிய தட்டில் பாற்சோறு கொண்டுவந்து கராஜ் மேசையில் வைத்துவிட்டார். நான் பிரேக் வயர் மாற்றப் போயிருந்தேன். எனக்கும் ஒரு துண்டு கிடைத்தது. "சேர், சொந்தம் இருந்தா நான் இன்னும் இந்தக் கிறீஸ் கையோடயா நிப்பேன்?" என்றார் மனுசன். அவர் தமிழ் நம்மைவிட நன்றாகப் பேசுவார்.

அவருடைய அடையாள அட்டையில் பெயர் 'திசாநாயக்க முதியன்சலாகே' என்று தொடங்குகிறது. ஜனாதிபதியின் முழுப்பெயரும் அப்படித்தான். கண்டி ராஜ்ஜிய காலத்துப் பதவியும் பட்டமும் பெயராகி இத்தனை தலைமுறை கடந்து வந்திருக்கின்றன. ஒரே பட்டம் எத்தனையோ குடும்பங்களுக்குப் போயிருக்கும். அதனால் பெயர் ஒன்று என்பதை வைத்து இரத்த உறவைச் சொல்லவே முடியாது. ஆனால் வேலை கேட்டு வருகிறவனிடம் இந்த வரலாற்றைச் சொல்லிப் பாருங்கள்!

உங்களுக்கும் இப்படி அனுபவம் இருந்தால் எழுதுங்கள். கட்சிச் சண்டை மட்டும் வேண்டாம்.

முத்தையா மகன், கட்டுகஸ்தோட்டை (இப்போது கத்தார்)

வாத்தியாரே, என் கதை கொஞ்சம் வேறு. எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று எங்கே இருக்கிறது? அப்பா பெயர்தான். அப்பா முத்தையா, அதனால் நான் முத்தையா. பாஸ்போர்ட்டிலும் குடும்பப் பெயர் என்ற இடத்தில் அதுதான் அச்சாகியிருக்கிறது.

தோஹா விமான நிலையத்தில் முதல் தடவை இறங்கியபோது வரிசையில் பின்னால் நின்ற பாகிஸ்தான்காரர் என் பாஸ்போர்ட்டை எட்டிப் பார்த்தார். "முத்தையா? ஸ்ரீலங்கா? முரளிதரனின் தம்பியா?" இல்லை என்றேன். ஊர் கண்டி என்று வேறு சொல்லிவிட்டேன். அவ்வளவுதான், நான் வெட்கத்தில் மறைக்கிறேன் என்று முடிவு கட்டிவிட்டார். கம்பனியில் சேர்ந்த பிறகும் அதே கதை. கிரிக்கெட் மெச் வைத்தால் என் கையில் பந்தைத் திணிப்பார்கள். எனக்குப் பந்து நேராகவே போகாது, சுழல்வது எங்கே?

ஆனால் அந்தப் பெயரால் ஒரு நாள் நெஞ்சு நிமிர்ந்தது உண்மை. 2007 டிசம்பர் 3, அஸ்கிரிய மைதானம். இங்கிலாந்துடன் டெஸ்ட். போல் கொலிங்வூட்டை போல்ட் ஆக்கி முரளி 709ஆவது விக்கெட்டை எடுத்து ஷேன் வோர்னைத் தாண்டினார். அப்பாவும் நானும் புல் மேட்டில் இருந்தோம். பட்டாசுச் சத்தத்தில் காது அடைத்துவிட்டது. முரளியுடைய அப்பா பெயரும் முத்தையாதானே? எங்கள் அப்பா முன்னால் இருந்த ஆட்களின் தோளைத் தட்டித் தட்டி "என் பேரும் முத்தையா, என் பேரும் முத்தையா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஒருவர் எழுந்து கைகொடுத்துவிட்டுப் போனார். அஸ்கிரியவில் டெஸ்ட் நடந்தது அதுதான் கடைசி, பிறகு எல்லாம் பல்லேகலைக்குப் போய்விட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சென்னைக்காரர் ஒருவர் எங்கள் சைட்டில் எஞ்சினியர். அவர் மட்டும் முரளியைப் பற்றிக் கேட்கவில்லை. "எஸ். முத்தையாவைத் தெரியுமா? சென்னையின் பழைய வரலாறெல்லாம் எழுதியவர்" என்றார். எனக்கு அதுவரை தெரியாது. தேடிப் படித்தபோதுதான் ஆச்சரியம். அவர் கொழும்பில் டைம்ஸ் ஒஃப் சிலோன் பத்திரிகையில் வேலை செய்துவிட்டு, 1968இல் சென்னைக்குப் போனவராம். இலங்கையில் குடியேறிய இந்திய வம்சாவளியினர் பற்றியும் பெரிய புத்தகம் எழுதியிருக்கிறார். 2019இல் காலமானார். கிரிக்கெட்டுக்கு ஒரு முத்தையா குடும்பம், எழுத்துக்கு ஒரு முத்தையா. நடுவில் நான், பைப் பொருத்துகிறேன்.

என் மகன் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் இப்போது என் பெயர் வந்திருக்கிறது. அதைக் கேட்டு எந்த விமான நிலையத்திலும் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஒரு தலைமுறையோடு சரி, நம்ம புகழ் அவ்வளவுதான்.

தவலந்தென்னை

காமினி பேச்சு வந்ததால் எழுதுகிறேன். கொத்மலை நீர்த்தேக்கம் 1985இல் திறந்தது. கட்டிய அமைச்சரின் சொந்தப் பக்கத்திலேயே வயலும் கிராமங்களும் விகாரைகளும் தண்ணீருக்குள் போயின. மழை குறைந்த வருடங்களில் கடதொர விகாரையின் இடிபாடு மேலே தெரியும், சனம் வாகனம் பிடித்துப் பார்க்க வரும்.

அங்கே கடலை விற்கும் பெரியவர் ஒரு திசாநாயக்க. அவர் வீடும் உள்ளே போனதுதான். பார்க்க வருகிறவர்கள் பெயரைக் கேட்டதும் இரண்டு விதமாகப் பார்ப்பார்களாம். சிலர் மரியாதையாக, சிலர் ஏதோ இவரே அணையைக் கட்டியது போல முறைத்து. "என் வீடும்தானே போச்சு" என்பார் சிரித்துக்கொண்டே. அதற்கு மேல் ஒன்றும் சொல்ல மாட்டார்.

பெயரிலி

எம்.ஜி.ஆரும் கண்டிப் பக்கம் பிறந்தவர்தானே, அவரைச் சேர்க்கலாமா? எங்கள் டிவிஷனில் மட்டும் இராமச்சந்திரன் என்று எத்தனையோ பேர்.

நுவரெலியா வாத்தியார்

தம்பி, அது ஆசையில் வைத்த பெயர். குடும்பப் பெயர் கணக்கில் வராது. இருந்தாலும் செக்ரோலில் (தோட்டத்து ஆட்கள் பெயர்ப் பதிவேட்டில்) அத்தனை இராமச்சந்திரனையும் வைத்துக்கொண்டு கிளாக்கர் ஐயா பட்ட பாட்டைத் தனியாக எழுதலாம்.

நோர்வூட் அக்கா

நான் பிள்ளை மடுவத்தில் (தோட்டத்துப் பிள்ளைக் காப்பகத்தில்) வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். தொண்டமான் பற்றி யாரும் எழுதாமல் இருப்பது ஆச்சரியமாக இருக்கிறது. மலையகத்தில் தமிழருக்குள் தாத்தா, மகன், பேரன், கொள்ளுப்பேரன் என்று ஒரே பெயர் தொடர்ந்து வந்தது அந்த வீட்டில்தானே? பெரியவர் சௌமியமூர்த்தி, அவர் மகன் இராமநாதன், பேரன் ஆறுமுகன், இப்போது ஜீவன். கிழக்கு மாகாண ஆளுநராக இருந்த செந்திலும் தொண்டமான்தான். நமக்கெல்லாம் அப்பா பெயர் மாறிக்கொண்டே போகும், பெண்பிள்ளைகளுக்குக் கல்யாணத்தோடு அதுவும் போகும். எனக்குப் பிறந்த வீட்டில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர்.

எங்கள் லயத்தில் ஒரு தாத்தா இருந்தார். கூட்டம், சண்டை, பஞ்சாயத்து எதுவாக இருந்தாலும் முன்னால் நின்று பேசுவார். அவருக்குப் பட்டப்பெயர் தொண்டமான். சொந்தப் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது. அவர் பேத்தி டவுனில் பள்ளிக்கூடம் சேர்ந்தபோது, உடன் வந்த பிள்ளைகள் டீச்சரிடம் "இது தொண்டமான் பேத்தி" என்று சொல்லிவிட்டன. டீச்சர் எழுந்து நின்று நாற்காலி போட்டாராம், பிள்ளைக்கு! உண்மை தெரிந்ததும் டீச்சரே விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்.

2020 மே மாதம் ஆறுமுகன் ஐயா தவறியபோது ஊரடங்குக் காலம். நோர்வூட்டில் தாத்தா பெயரில் இருக்கும் மைதானத்திலேயே பேரனுக்குத் தகனம். சாதாரண நாளாக இருந்தால் நோர்வூட் தாங்கியிருக்காது. நாங்கள் தள்ளி நின்று ரோட்டோரம் பார்த்தோம். போலீஸ் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் போகச் சொல்லிக்கொண்டே இருந்தது. பட்டப்பெயர் தாத்தாவும் தடி ஊன்றி வந்து நின்றார். ஒரு போலீஸ்காரர் அவரை வீட்டுக்குப் போகச் சொன்னபோது பக்கத்தில் நின்ற பையன் பழக்கதோஷத்தில் "தொண்டமானைத் தள்ளாதீங்க சேர்" என்றுவிட்டான். போலீஸ்காரர் ஒரு நிமிசம் திகைத்து, ஒதுங்கி வழி விட்டார். அந்த நேரத்தில் சிரிக்கவும் முடியவில்லை.

அப்புறம், எங்கள் பாட்டனார் ஊர் புதுக்கோட்டைப் பக்கம். ஒரு தடவை சொந்தங்களைப் பார்க்கப் போனபோது ஆட்டோக்காரத் தம்பி கலெக்டர் ஆபீசைக் காட்டி "இது தொண்டைமான் அரண்மனை அக்கா" என்றது. நான் வாய்தவறி "எங்க தொண்டமானா?" என்று கேட்டேன். அந்தத் தம்பிக்கு எங்கள் தொண்டமானைத் தெரியாது, எனக்கு அந்தத் தொண்டைமான்களைத் தெரியாது. புதுக்கோட்டையை 1948 வரை ஆண்ட ராஜாக்களாம், அம்மன் காசு என்று தனியாகக் காசே அடித்தவர்களாம். சங்ககாலத்தில் ஔவையார் தூது போனதும் ஒரு தொண்டைமானிடம்தான் என்று என் மகள் சொன்னாள். அதியமானுக்காகப் போய், "உன் ஆயுதமெல்லாம் நெய் பூசிப் புதுசா இருக்கு, எங்க ராஜா ஆயுதம் சண்டையில முறிஞ்சு கொல்லன் பட்டறையில கிடக்கு" என்று நைசாகக் குத்தினாராம். சம்பளப் பேச்சுவார்த்தைக்கு இப்படி ஒரு ஆள் நமக்கு இருந்திருக்கலாம்!

கண்டி கைட்

சுற்றுலாக்காரரைக் கூட்டிக்கொண்டு திரிகிற தொழில் எனக்கு. வெள்ளைக்காரருக்கு இந்தப் பெயர் விசயம் வேறு மாதிரி. ஸ்கொட்லாந்திலிருந்து வந்த ஒரு வயதான தம்பதி, குடும்பப் பெயர் டெய்லர். 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் முதல் தடவையாக வியாபாரத்துக்குத் தேயிலை போட்ட ஜேம்ஸ் டெய்லரும் ஸ்கொட்லாந்துக்காரர்தான் என்று வழியில் சொல்லிவிட்டேன். பிறகு அவர்களை நிறுத்த முடியவில்லை. தோட்டத்து உச்சியில் அவர் உட்கார்ந்த கல் ஆசனம் இருக்கிறது, அங்கே ஒருவர் மாற்றி ஒருவர் உட்கார்ந்து போட்டோ. கண்டி மஹய்யாவ மயானத்தில் அவர் கல்லறை, அங்கேயும் போட்டோ. அம்மா பூ வாங்கிவந்து வைத்தார். "சொந்தமா மேடம்?" என்று கேட்டேன். "இல்லை, ஆனால் யாராவது வைக்க வேண்டாமா?" என்றார்.

கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த ஒரு அக்கா என்னைக் கூப்பிட்டு, "இவங்க டெய்லர் துரை வீட்டாளுகளா?" என்று கேட்டார். பெயர் மட்டும்தான் ஒன்று என்றேன். "அப்ப சம்பளத்தைப் பத்தி இவங்ககிட்ட சொல்லிப் பிரயோசனமில்ல" என்று கூடையைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார்.

அமெரிக்கப் பாடகர் ஜேம்ஸ் டெய்லரைத் தேடுகிறவர்கள் தனி ரகம். இளம் பயணிகள் அந்தப் பெயரைச் சொன்னதும் பாட்டுத்தான் பாடத் தொடங்குவார்கள்.

பெயரிலி

முத்தையா அண்ணே, ஒரு கேள்வி. மகனுக்கும் முத்தையா என்றே பாஸ்போர்ட்டில் வரும்படி போட்டிருக்கலாமே? தொண்டமான் மாதிரி தொடர்ந்திருக்கும்.

முத்தையா மகன்

வீட்டுக்காரியும் அதைத்தான் சொன்னாள். ஆனால் பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் என்று என் பெயர் இருக்கிறது. பாஸ்போர்ட்டில் வேறு மாதிரி இருந்தால் நாளைக்குப் பையன் ஒவ்வொரு கவுண்டரிலும் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டும். அதைவிட அவனுக்கு இடதுகைப் பந்து வீச்சு நன்றாக வருகிறது. பார்ப்போம்.