பவுண்டி ஹண்டர்களுக்கு உரிமம்: விதிகளை எப்படி வகுப்பது?

கேள்வி:
நான் எழுதிவரும் அறிவியல் புனைகதையில் ஒவ்வொரு கோளுக்கும் தனிச் சட்டம் உண்டு. தப்பியோடிய குற்றவாளிகளைப் பரிசுத்தொகைக்காகப் பிடிப்பவர் ஒரு கோளில் பெற்ற உரிமம் அடுத்த கோளிலும் செல்லுமா?

பதில் 1:
அமெரிக்க வரலாறு இதற்கு நல்ல முன்மாதிரி. ஜாமீனுக்குப் பொறுப்பேற்றவர், தாமாகவோ தம் சார்பில் அனுப்பும் வேட்டைக்காரர் மூலமாகவோ, தப்பியோடியவரை வேறு மாநிலம்வரை துரத்திச் சென்று பிடிக்கலாம், தேவைப்பட்டால் வீட்டை உடைத்தும் நுழையலாம் என்று 1872-இல் டெய்லர் எதிர் டெயின்டர் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கூறியது; ஆனால் கென்டக்கி, ஆரிகன் போன்ற மாநிலங்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு ஜாமீன் பொறுப்பேற்கும் தொழிலையே பின்னர் தடைசெய்துவிட்டன. இதே முரண் உங்கள் கோள்களுக்கிடையே இருந்தால், எல்லையைக் கடந்த மறுநொடியே வேட்டைக்காரர் ஆள்கடத்தல்காரராகிவிடுவார்.

பதில் 2:
உரிமத்தைவிடப் பிடியாணை இன்னும் செல்லுபடியாகிறதா என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. பூமியிலிருந்து செவ்வாய்க்கு ஒரு செய்தி போய்ச்சேரவே ஏறத்தாழ 3 முதல் 22 நிமிடங்கள் ஆகும். கைவிலங்கு பூட்டிய பிறகு, பிடியாணை ரத்தான செய்தி திரையில் வந்து நின்றால் பிடித்தவர் குற்றவாளியா? செய்தி வந்துசேர்ந்த நேரத்தையே கணக்கில் கொள்ள வேண்டும் என்று விதியில் தெளிவாக எழுதிவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. அந்தக் கைவிலங்குக் காட்சியிலிருந்தே முதல் அத்தியாயத்தைத் தொடங்குகிறேன்.